சந்தாக் கொப்பியில் யாருடைய பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவின் பொது மண்டபத்துக்கு வெளியிலிருந்து யாராவது வந்தால் முதலில் கேட்பது, "இதை யார் கட்டிக் கொடுத்தது?" என்றுதான். வாசலில் கல் பதித்திருக்கிறது. பெயர், திகதி எல்லாம் அதில் உண்டு. ஆனால் கட்டடம் எழும்பியது ஒரு தடவைதான். கூரை ஒழுகாமல், லைட் பில் கட்டி, சாவி யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைத் திறந்து வைத்திருப்பது மாதா மாதம் நடக்கிற வேலை. அதைச் செய்கிறவர்கள் சந்தாக் கொப்பியில் பெயர் உள்ளவர்கள். அந்தக் கொப்பியில் யார் யார் பெயரை எழுதலாம் என்று நாங்கள் எடுத்த முடிவைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றத் தோட்டங்களில் மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலே, நல்லதண்ணி போகிற பாதையிலிருந்து பிரிந்து ஏறுகிற தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். நான் சந்தியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவி) படிவமானாலும் அடையாள அட்டை படிவமானாலும் எங்கள் சனம் முதலில் வருவது என் கடைக்குத்தான். அப்படியே மண்டபச் சங்கத்தின் செயலாளர் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

மண்டபம் எங்களுக்கு எதற்கு என்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அதாவது அறை, 10க்கு 12 அடி. அதற்கு முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அதில் இரண்டு தலைமுறை, சில வீட்டில் மூன்று தலைமுறை. ஒரு பிள்ளை பெரிய மனுஷியானால் சடங்குக்கு ஆட்களை எங்கே உட்கார வைப்பது? பெண் பார்க்க வந்தால் எங்கே உட்கார வைப்பது? அந்தக் காலத்தில் எல்லாம் கோயில் முன்றலிலும், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்திலும் நடந்தது. மழை வந்தால் கொழுந்து நிறுக்கிற மடுவம். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் மழை என்றால் வாரக்கணக்கில் விடாது. என் அக்காவின் சடங்கு நடந்த அன்று, கொழுந்து நிறுக்கிற தராசைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுத்தான் பந்தி போட்டார்கள். மாலை நிறுவைக்கு மணி அடித்ததும் இலையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் சாப்பிடாமல் எழும்பினார்கள். அம்மாவுக்கு அந்தக் குறை கடைசி வரைக்கும் இருந்தது.

அதனால் மண்டபம் வந்தபோது பிரிவே சந்தோஷப்பட்டது. அப்புறம் தான் கேள்வி வந்தது. யாருக்கு மண்டபம்?

எங்கள் சங்கம் முளைத்தது மரண உதவிச் சங்கத்திலிருந்து. தோட்டங்களில் பழைய சங்கம் என்று இருந்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கு, பந்தலுக்கு, தேத்தண்ணிச் சீனிக்குக் காசு. அந்தச் சந்தாவை ஆபீசில் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுத்தார்கள். ஆகவே செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவில், பெயர் உள்ளவர்தான் அங்கத்தவர் என்பது தானாகவே விதி ஆகிவிட்டது. யாரும் யோசித்து வைத்த விதி இல்லை. மண்டபம் வந்ததும் அதே கொப்பியை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் செக்ரோல் இப்போது யாரைக் காட்டுகிறது? எங்கள் பிரிவில் பாதி வீட்டில் தோட்ட வேலைக்குப் போகிறவர் ஒருவர்தான் இருக்கிறார். அதுவும் பெரும்பாலும் அம்மா. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் கட்டுநாயக்கவில் கார்மெண்டில் இருக்கிறாள், மருமகன் ஆட்டோ ஓட்டுகிறான், இன்னொரு அக்கா குவைத்தில். சர்வீஸ் முடிந்து பெயர் வெட்டியவர்கள் வேறு. நாற்பது வருஷம் மலையில் ஏறி இறங்கிய கிழவிக்கு, பெயர் வெட்டின மறு மாதத்திலிருந்து மண்டபம் வெளியாள் கட்டணத்தில்தான் கிடைக்கும் என்ற நிலை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டு வந்தபோது இரவு பத்து மணி வரை இழுத்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எங்கள் பழைய தலைவர் மாமா. அவருடைய பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். "தம்பி, செக்ரோல்ல பேரு இல்லாதவனுக்கெல்லாம் மண்டபத்தத் தொறந்து விட்டா, நாளைக்கு டவுன்ல இருந்து காசுக்காரன் வந்து நம்ம பேர்ல புக் பண்ணுவான். நம்ம புள்ள கல்யாணத்துக்கு நாள் கெடைக்காது" என்றார். வேலை நிறுத்த காலங்களில் இந்த மனிதர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கையில் இருப்பதைப் பறிகொடுத்துப் பறிகொடுத்தே வளர்ந்த தலைமுறை அது. குடியுரிமையையே 1948இல் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகள். யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போட்டு வைத்தால்தான் மிஞ்சும் என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு தங்கச்சி எழும்பினாள். ஆட்டோ ஓட்டுகிறவரின் மனைவி, கைப்பிள்ளையோடு. "மாமா, நான் இந்த லயத்துக்கு வாக்கப்பட்டு வந்து எட்டு வருஷமாச்சு. எங்க மாமியாரோட பேருலதான் எல்லாம் நடக்குது. அவங்களுக்கு ஒன்னு ஆனா, நானும் எம்புள்ளையும் இந்தத் தோட்டத்து ஆளுக இல்லையா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப குடியிருக்கிறவங்கன்னு எழுது. ஆனா ஆறு மாசமாவது இருந்திருக்கணும்னு போடு" என்றார். வழிமொழிந்ததும் அவர்தான்.

இப்போது சங்கத்தின் விதிகளான யாப்பில் உள்ளது இதுதான்: பிரிவில் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருக்கிற, 18 வயது நிரம்பிய எவரும் தன் சொந்தப் பெயரில் அங்கத்தவர் ஆகலாம். குடும்பத்துக்கு ஒரு பெயர் என்பது போய்விட்டது. மாதம் 50 ரூபா. இங்கே பிறந்து வெளியூரில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை 1000 ரூபா கட்டலாம், கூட்டத்துக்கு வந்தால் வாக்கும் உண்டு. அங்கத்தவர் பெயரில் வெளியாள் புக் பண்ணினால் வைப்புப் பணம் திரும்பாது. மாமாவின் பயத்துக்கு அந்த வரி.

இதனால் நடந்த பெரிய மாற்றம் நான் எதிர்பார்த்தது அல்ல. வெளியூர்ப் பிள்ளைகளின் காசு வரும் என்றுதான் நினைத்தேன், அதுவும் வருகிறது. ஆனால் அதைவிட, கொப்பியில் பெண்களின் பெயர் ஆண்களின் பெயரைவிடக் கூடிவிட்டது. முன்பு குடும்பத் தலைவர் என்று கணவன் பெயர்தான் இருக்கும். கொழுந்து எடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள், சந்தா கட்டுகிறவள் அவள், கூட்டத்தில் கை தூக்குகிறவர் அவர். இப்போது அவளே கை தூக்குகிறாள். போன தடவை தெரிவில் பொருளாளர் பதவி ஒரு அக்காவுக்குப் போனது. அவர் வந்த பிறகு பற்றுச்சீட்டு இல்லாமல் ஐந்து ரூபா கூட நகர்வதில்லை.

பெண்கள் வரவேண்டும் என்றால் கூட்டத்தின் நேரத்தைப் பார்க்க வேண்டும். இதை எல்லாச் சங்கத்துக்கும் சொல்வேன். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் போட்டால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். அந்த நேரத்தில் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பீலியில் தண்ணிக்கு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொழுந்து அதிகமான மாதங்களில் கைக்காசுக்கு, அதாவது எடுக்கிற கிலோவுக்குக் காசு என்கிற வேலைக்கு, போய்விடுவார்கள். நாங்கள் போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறை) காலை பத்து மணிக்கு வைக்கிறோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இழுப்பதில்லை. சமையல் காத்திருக்கிறது.

சந்தா சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடித்துத் தரும் பழைய முறையே லேசு, கையால் வாங்கினால் அலைச்சல் என்று சிலர் சொன்னார்கள். அங்கத்தவர்களில் பாதிப் பேருக்குத் தோட்டச் சம்பளமே இல்லாதபோது அது நடக்காது. அதோடு, கையால் வாங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். சம்பளம் போட்ட மறுநாள் மாலை, பொருளாளர் அக்காவும் இரண்டு இளம் பிள்ளைகளும் கொப்பியோடு லயம் லயமாகப் போகிறார்கள். இஸ்தோப்பில் உட்காரச் சொல்வார்கள், தேத்தண்ணி கொடுப்பார்கள். யாருக்கு உடம்பு முடியவில்லை, எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறது, எந்த வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறது எல்லாம் அந்த நடையில்தான் தெரிய வரும். ஆபீஸ் பட்டியலில் அது வராது.

தீபாவளிக்குப் பிறகு வரும் மாதங்களில் சந்தா குறையும். தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தைத் தவணை தவணையாகச் சம்பளத்தில் வெட்டுவார்கள், கையில் வருவது கொஞ்சம்தான். அந்த மாதங்களில் யாரையும் கேட்டு நிற்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். கொப்பியில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்போம். சித்திரைக்குள் பெரும்பாலும் எல்லாரும் கட்டி முடித்துவிடுவார்கள்.

மண்டப வாடகை அங்கத்தவருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. சாவுக்கு வாடகை இல்லை, அங்கத்தவராக இல்லாவிட்டாலும் இல்லை. இரவு இரண்டு மணிக்குச் சாவு விழுந்தாலும் சாவி வைத்திருப்பவரை எழுப்பலாம். சாவி இரண்டு. ஒன்று மண்டபத்துக்குப் பக்கத்துத் தொங்கல் (லயத்தின் கடைசி) வீட்டில், மற்றது கீழ் லயத்தில். யார் வீட்டில் என்று கதவில் பெயின்டால் எழுதியிருக்கிறது. பையன்கள் கதிரைகளை ஐந்து ஐந்தாக அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு படி இறங்குவார்கள். மழையில் அந்தப் படி வழுக்கும், ஆகவே முன்னால் ஒருவன் டோர்ச் பிடித்துக்கொண்டு போவான். தப்புச் சத்தம் தொடங்குவதற்குள் பந்தல் நிற்கும். இந்த வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடத் தேவைப்பட்டதே இல்லை.

கல்யாணம் முடிந்து மண்டபத்தைத் திரும்ப எடுக்கிறபோதுதான் மனஸ்தாபம் வரும். தேக்சாவின் (சமையல் அண்டா) அடியில் சோறு பிடித்திருக்கும், கரண்டி இரண்டு குறையும், ஒரு கதிரையின் கால் வெடித்திருக்கும். முதலில் தண்டம் போட்டோம், சண்டைதான் மிச்சம். இப்போது சாமான் கொடுக்கும்போதே கல்யாண வீட்டார் ஒருவரும் எங்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணிக் கொப்பியில் ஒப்பம் வைக்கிறார்கள். திரும்ப எடுக்கும்போதும் அதே இருவர். தேக்சாவைக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பார் எங்கள் ஆள். அடி மெலிந்து ஓட்டை விழப்போகிறது என்றால் சத்தம் மாறும். அப்படி அவர் தட்டிச் சொல்லித்தான் போன வருஷம் இரண்டு பெரிய தேக்சாக்களைத் திருத்தக் கொடுத்தோம்.

துப்புரவு லயத்துக்கு ஒரு மாதம் முறை. பொதுவாக "எல்லாரும் சிரமதானத்துக்கு வாங்க" என்றால் வருவது எப்போதும் அதே ஏழெட்டுப் பேர்தான், அவர்கள் ஒரு நாள் சலித்துப் போவார்கள். இன்ன லயம், இன்ன மாதம், இன்ன வேலை என்று சொன்னால் வருகிறார்கள். வேலை முடிகிற நேரத்தையும் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்ந்தால் மண்டபம் பிள்ளைகளுடையது. சாதாரண தரம் எழுதுகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு மேசை கிடையாது, தம்பி தங்கச்சி தூங்குகிற அறையில் லைட்டைப் போட்டு வைக்க முடியாது. ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை இங்கே வந்து படிக்கலாம். 2022 ஆகஸ்டிலும் அடுத்த பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது, இரவில் மூடிவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் குறைக்கலாம் என்றேன். ட்யூப் லைட்டுகளைக் கழற்றி எல்ஈடி போட்டோம், மேசைகளை ஒரு மூலைக்கு இழுத்து அந்தப் பக்கம் மட்டும் எரிய வைத்தோம். கொழும்பில் இருக்கும் எங்கள் பையன்கள் சிலர் அந்த வருஷ பில்லை மாதம் ஒருவராகக் கட்டினார்கள். அவர்களும் இதே மண்டபத்தில் படித்துப் போனவர்கள், யாரும் கேட்டுக் கொடுத்ததில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததை மலையகத்தில் யாரும் மறக்கப்போவதில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி எல்லாப் பக்கமும் மண் சரிந்தது. எங்கள் பிரிவில் உயிர் போகவில்லை. கீழ் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வாய் பிளந்தது, தண்ணீர் சேறாக வந்தது. மண்டபச் சுவரோரம் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம், சாதாரண பிளாஸ்டிக் குழாய். இரண்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் காலையில் அளந்து எங்கள் கைபேசிக் குழுவில் போடுவார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற அளவு. மண்டபச் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதற்குப் பிறகு எழுதியது. டித்வா வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் காலை வரை காத்திருக்கவில்லை. இரவிலேயே குடை பிடித்துப் போய்ப் பார்த்து, "கீழ் லயம் எல்லாரும் மேல வாங்க" என்று குரல்பதிவு போட்டார்கள். கோயில் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆட்டோக்காரரின் மனைவிதான் முதலில் வந்தாள்.

பிறகு மண்டபம் முகாம் ஆனது. அந்த நாட்களில் சந்தாக் கொப்பி வேறு விதத்தில் உதவியது. அதிகாரிகள் வந்து பெயர்ப் பட்டியல் கேட்டபோது, செக்ரோலை மட்டும் வைத்திருந்த இடங்களில் யார் குடியிருக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஆள் ஆளாகப் பெயர் இருந்தது. வேலைக்குப் போகாத கிழவன், மருமகள், ஊருக்கு வந்திருந்த மகள் எல்லாருடையதும். கிராம உத்தியோகத்தர் அதை வைத்தே தன் பட்டியலை எழுதிக்கொண்டார். உலர் உணவு யாருக்கும் விடுபடவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. மண்டபம் நிற்கிற நிலம் எங்களுடையது இல்லை. தோட்டக் காணி அரசுடையது, 1992இலிருந்து 53 வருடக் குத்தகையில் கம்பெனிகளிடம் இருக்கிறது. கழிவறை கட்ட, மீற்றர் மாற்ற, எதற்கென்றாலும் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். முன்பு பிரதேச சபையைக் கேட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று. அது 2018இல் திருத்தப்பட்டது. மஸ்கெலியாவுக்கென்று தனியாக ஒரு பிரதேச சபையும் வந்தது. இப்போது கேட்க ஒரு கதவு இருக்கிறது. ஆனால் கேட்கப் போகிறவரின் கையில் பதிவு எண், யாப்பு, ஒப்பம் வைத்த கூட்டறிக்கை, பரிசோதித்த கணக்கு நான்கும் இருக்க வேண்டும். இல்லாமல் போனால் நாற்காலி கொடுத்து உட்கார வைத்து, "பார்க்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் கணக்குப் பரிசோதகரை முதல் கூட்டத்திலேயே தெரிவு செய்யுங்கள். அவர் செயற்குழுவில் யாருக்கும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. தோட்டத்தில் அப்படி ஒருவரைத் தேடுவது கஷ்டம்தான், எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். நாங்கள் பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு ஆசிரியரைக் கேட்டு வாங்கினோம்.

வருகிற பொதுக்கூட்டத்தை மட்டும் போயாவில் வைக்காமல் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம். வெளியூர்ப் பிள்ளைகள் ஊரில் நிற்கிற நாள் அது. மூன்று பிரேரணை இருக்கிறது. கூரையின் மேற்குப் பக்கத் தகரத்தை மழைக்கு முன் மாற்றுவது. கீழ் லயத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள படிக்குக் கைப்பிடி போடுவது. மூன்றாவது, சங்கத்தின் பெயரில் மண்டப நிலத்துக்கு எழுத்தில் ஒரு அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் விண்ணப்பிப்பது. மூன்றாவதைப் பிரேரிக்கப் போகிறவர் தலைவர் மாமா. வழிமொழிய அந்தத் தங்கச்சியைக் கேட்டிருக்கிறார், அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். விண்ணப்பத்தை நான் டைப் அடித்து வைத்துவிட்டேன். அங்கத்தவர் பட்டியலையும் சேர்த்து அனுப்புகிறோம், 18 வயதுக்கு மேல் குடியிருக்கிற எல்லாருடைய பெயரோடும்.